உங்கள் கண்ணாடியின் பவர் எத்தனை வாட்?

மாணவ நண்பர்களே, உங்களில் கண்ணாடி அணிந்தவர்கள் பலர் இருப்பீர்கள். அவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் கண்ணாடியின் பவர் எத்தனை வாட்?

சிரிக்கிறீர்கள் அல்லவா? அவசரப்பட்டுச் சிரிக்க வேண்டாம். ஏறத்தாழ இதே கேள்வியை என் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவள். லென்சுகளைப் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. எழுந்து நின்று, "சார், போன மாதம் திறனுக்கு அலகு வாட் என்று சொன்னீர்கள். இன்றைக்கு லென்சின் திறனுக்கு அலகு டையாப்டர் என்கிறீர்கள். ஒரே திறனுக்கு எப்படி சார் இரண்டு அலகு வரும்?" என்று கேட்டாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நானும் தமிழ் வழியில் படித்தவன்தான். கல்லூரியில் முதலாண்டுச் செய்முறை வகுப்பில், நிறமாலைமானியும் கீற்றணியும் கொண்டு சோடியம் ஒளியின் இரண்டு மஞ்சள் கோடுகளைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. ஆங்கிலத்தில் எழுதிய ஏட்டில் "ரிசால்விங் பவர்" என்று ஒரு வரி வந்தது. விடை சுமார் 1000 என்று கிடைத்தது. பவர் என்றால் வாட் என்று அப்போதுதான் படித்திருந்தேன். எனவே 1000-க்குப் பக்கத்தில் வாட் என்று அழகாக எழுதிவிட்டேன். ஆசிரியர் ஏட்டை உயர்த்திப் பிடித்து அதை உரக்கப் படித்துக் காட்டினார். "இவர் கீற்றணியை வைத்துத் துணி தேய்க்கப் போகிறார்" என்றார். அன்று சிரித்தவர்களின் முகங்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. அதன் பிறகு பட்டப்படிப்பு முடியும் வரை நான் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பிழை என்னுடையதுதான், மறுக்கவில்லை. இரண்டு கோடுகளின் அலைநீளங்கள் 589.0, 589.6 நானோமீட்டர். வித்தியாசம் 0.6. அலைநீளத்தை அந்த வித்தியாசத்தால் வகுத்தால் வருவது வெறும் எண். அதற்கு அலகே கிடையாது. ஆனால் "இந்தப் பவர் வேறு, அந்தப் பவர் வேறு" என்று ஒரு வார்த்தை யாராவது முன்னதாகச் சொல்லியிருந்தால் நான் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டேன். என் மாணவியும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டாள். குற்றம் மாணவரின் அறிவில் இல்லை. ஒரே சட்டையை ஐந்தாறு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வருவதில் இருக்கிறது. இதுதான் என் கட்சி.

பவர் என்ற ஆங்கிலச் சொல்லை ஒரு நாள் முழுவதும் உங்கள் ஊரிலேயே பின்தொடர்ந்து பாருங்கள். காலையில் மின்விசிறி நின்றுவிடுகிறது. "பவர் கட்" என்கிறார் அப்பா. பாட்டிக்குச் செய்தித்தாள் மங்கலாகத் தெரிகிறது. "கண்ணாடிக்குப் பவர் மாறிப் போச்சு" என்கிறார். தலைவலி மாத்திரை வாங்கப் போனால், "இது பவர் ஜாஸ்தி, பாதி போடுங்க" என்கிறார் மருந்துக் கடைக்காரர். மாமா நிலம் விற்கிறார். தான் வெளியூரில் இருப்பதால் தம்பிக்குப் "பவர்" எழுதிக் கொடுத்துவிட்டார். கணக்கு ஆசிரியர், "டூ பவர் ஃபைவ் எவ்வளவு?" என்று கேட்கிறார். மாலையில் டீக்கடை பெஞ்சில் யார் கையில் பவர் இருக்கிறது என்று விவாதம் நடக்கிறது.

ஆறு இடங்கள். மின்சாரம், ஒளியை வளைக்கும் அளவு, மருந்தின் வீரியம், சட்டப்படியான அதிகாரம், ஓர் எண்ணை அதனாலேயே எத்தனை தடவை பெருக்குவது என்ற கணக்கு, அரசியல் ஆட்சி. இவற்றில் எதுவும் இயற்பியலார் சொல்லும் பவர் அல்ல என்பதுதான் வேடிக்கை. அப்பா சொன்ன பவர் கட்டில்கூட, நின்றுபோனது மின்சார வழங்கல்.

இயற்பியலின் பவர், அதாவது திறன், வேலை செய்யும் வேகம். உங்கள் எடை 50 கிலோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் உயரமுள்ள மாடிக்கு ஏறுகிறீர்கள். மெதுவாக ஏறினாலும் ஓடி ஏறினாலும் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலை ஒன்றே, 50-ஐ 9.8-ஆலும் 3-ஆலும் பெருக்கினால் 1470 ஜூல். 30 வினாடியில் ஏறினால் உங்கள் திறன் 49 வாட். 6 வினாடியில் தாவி ஏறினால் 245 வாட். வேலை மாறவில்லை, வேகம் மாறியது, திறன் ஐந்து மடங்கானது. (மாடிப்படியில் ஓடியதற்கு உங்கள் தலைமையாசிரியர் பிடித்தால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.)

இந்தச் சொல் எப்படி இத்தனை வேலைகளை ஏற்றுக்கொண்டது? அதன் மூலம் லத்தீனில் "இயலுதல்" என்ற பொருளுள்ள ஒரு வினைச்சொல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எதையாவது செய்ய இயலுமானால் அங்கே பவர் உண்டு. மன்னனால் ஆணையிட இயலும். மருந்தால் நோய் தீர்க்க இயலும். கண்ணாடியால் ஒளியை வளைக்க இயலும். எல்லாம் பவர்தான். நெம்புகோல், கப்பி, சாய்தளம் போன்ற எளிய எந்திரங்களையே ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் "மெக்கானிக்கல் பவர்கள்" என்று அழைத்தார்கள். அங்கே எந்திரமே பவர்!

கணக்கு ஆசிரியரின் பவருக்கு வேறு வம்சம். கிரேக்க வடிவியலார் ஒரு கோட்டின் மேல் அமைந்த சதுரத்தைக் குறிக்க, "ஆற்றல்" என்ற பொருளுள்ள தங்கள் சொல் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். அது லத்தீனுக்குப் போனபோது அதே பொருளுள்ள லத்தீன் சொல்லாயிற்று. ஆங்கிலத்துக்கு வந்தபோது பவராயிற்று. சதுரத்துக்கு இருந்த பெயர் கனத்துக்கும் அதற்கு மேலும் நீண்டது.

இனி எந்திரக் கதைக்கு வருவோம். ஜேம்ஸ் வாட்டும் மாத்யூ போல்ட்டனும் 1775-இல் கூட்டுச் சேர்ந்து நீராவி எந்திரம் செய்து விற்றார்கள். 1776-இல் பர்மிங்ஹாம் அருகிலிருந்த அவர்களுடைய தொழிற்சாலையைப் பார்க்க ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற எழுத்தாளர் வந்தார். உலகமே அடைய விரும்பும் ஒன்றைத்தான் நான் இங்கே விற்கிறேன், அது பவர், என்று போல்ட்டன் அவரிடம் சொன்னாராம். எவ்வளவு சாமர்த்தியமான பேச்சு! எந்திரத்தின் பவரும் அரசனின் பவரும் ஒரே சொல்லில் இருப்பதால் அல்லவா அது சாமர்த்தியமாகிறது? தமிழில் சொல்லிப் பாருங்கள். திறன் என்றால் அரசன் போய்விடுகிறான்; அதிகாரம் என்றால் எந்திரம் போய்விடுகிறது.

வியாபாரிக்கு இரண்டு பொருள் உள்ள சொல் லாபம். ஆனால் எந்திரத்துக்கு விலை பேசும்போது அது போதாது. எவ்வளவு பவர் என்று சொல்ல வேண்டும். வாங்க வந்தவர்களுக்குத் தெரிந்த அளவுகோல் குதிரை. ஆகவே வாட், குதிரை வேலை செய்யும் வேகத்தைக் கணக்கிட்டு, ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் வேகத்தை ஒரு குதிரைத் திறன் என்று வைத்தார். இன்றைய கணக்கில் சுமார் 746 வாட். சாதாரணக் குதிரையால் நாள் முழுவதும் அந்த வேகத்தில் இழுக்க முடியாது என்பது வேறு கதை. வாட் 1819-இல் மறைந்தார். அவர் பெயரைத் திறனின் அலகுக்குச் சூட்டலாம் என்று வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தது 1882-இல்.

அதற்கு முன்பு அறிஞர்களே இந்தச் சொற்களில் தடுமாறியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். தாமஸ் யங் 1807-இல் வெளியிட்ட தம் சொற்பொழிவுகளில் எனர்ஜி என்ற சொல்லை இன்றைய பொருளுக்கு நெருக்கமாகக் கையாண்டார். ஆயினும் ஆண்டுகள் பல கழித்து, 1847-இல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல் அழியா விதியை விளக்கி எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு வைத்த தலைப்பில் இருப்பது "விசை" என்று பொருள்படும் ஜெர்மன் சொல். அது 1853-இல் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் தலைப்பில் விசைதான் இருந்தது. விசை வேறு, ஆற்றல் வேறு என்று இன்று ஒன்பதாம் வகுப்பு மாணவர் சொல்லிவிடுவார். அப்போது சொல் இன்னும் பிரியவில்லை. கருத்து தெளிந்த பிறகு சொல்லும் மெல்ல மெல்லப் பிரிந்தது. விசைக்கு ஒரு சொல், ஆற்றலுக்கு ஒரு சொல், திறனுக்கு ஒரு சொல். அந்த வேலை முடியாமல் நின்ற இடங்களில்தான் நாம் இன்று இடறி விழுகிறோம்.

லென்சு அப்படிப்பட்ட ஓர் இடம். லென்சின் பவர் என்பது என்ன? குவியத் தூரத்தை மீட்டரில் எழுதி, 1-ஐ அதனால் வகுப்பது. குவியத் தூரம் அரை மீட்டர் என்றால் 2 டையாப்டர். டையாப்டர் என்ற பெயரை 1872-இல் முன்மொழிந்தவர் மொனோயே என்ற பிரெஞ்சுக் கண் மருத்துவர். இதில் வேலையும் இல்லை, நேரமும் இல்லை. 1 டையாப்டர் குவிலென்சின் மையத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்கி, அச்சுக்கு இணையாக வந்து விழும் ஒளிக்கதிர், 100 சென்டிமீட்டர் போவதற்குள் அச்சைத் தொட்டுவிடும். அதாவது 100-க்கு 1 என்ற சரிவில் வளைகிறது. 2 டையாப்டர் என்றால் 100-க்கு 2. அவ்வளவுதான். மேசை டிராயருக்குள் கிடந்தாலும் பாட்டியின் கண்ணாடிக்குப் பவர் உண்டு. மின் கட்டணம் ஏறாது.

இங்கே நம் தமிழ் என்ன செய்தது என்று பாருங்கள். கணிதத்தில் வந்த பவருக்கு நம் முன்னோடிகள் "அடுக்கு" என்று பெயர் வைத்தார்கள். என்ன அருமையான சொல்! 2-ஐ ஐந்து தடவை அடுக்கிப் பெருக்கினால் 32. பார்த்தவுடன் புரிகிறது. நான் இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன்; "சார், அடுக்குக்கு அலகு வாட்டா?" என்று ஒரு மாணவர்கூடக் கேட்டதில்லை. கேட்க வழியே இல்லை. அதிகாரம், ஆட்சி, வீரியம் ஆகியவையும் தமிழில் தனித்தனியே நிற்கின்றன. ஆனால் லென்சிடம் வந்தபோது மட்டும் நாம் சோர்ந்துவிட்டோம். ஆங்கிலத்தில் பவர் என்றிருக்கிறது, பவர் என்றால் திறன், எழுது "லென்சின் திறன்" என்று எழுதிவிட்டோம். உருப்பெருக்கத் திறன், பகுதிறன் என்று அந்த வரிசை வளர்ந்தது. பொருளைப் பார்த்து மொழிபெயர்க்காமல் எழுத்தைப் பார்த்து மொழிபெயர்த்ததால், ஆங்கிலத்தின் குழப்பத்தையும் சுங்கம் கட்டாமல் இறக்குமதி செய்துவிட்டோம். போதாக்குறைக்குத் திறன் என்றால் வழக்கில் திறமை என்ற பொருளும் உண்டு.

"அப்படியானால் எல்லாவற்றுக்கும் பவர் என்றே சொல்லிவிடலாமே, கல்லூரிக்குப் போனால் ஆங்கிலம்தானே?" என்று சில ஆசிரிய நண்பர்கள் என்னிடம் வாதிடுவதுண்டு. அவர்களுக்கு என் பதில் இது: பவர் என்று தமிழில் எழுதும்போது ஒரு சொல்லை மட்டும் கொண்டுவரவில்லை, அதன் ஆறு பொருள்களையும் மூட்டையாகக் கட்டிக் கொண்டுவருகிறீர்கள். ஆங்கிலக் குழந்தை அந்த மூட்டையைத் தொட்டிலிலிருந்தே அவிழ்த்துப் பழகியது. நம் பிள்ளைக்கு அது தேர்வுத் தாளில்தான் அவிழ்கிறது. ஆங்கிலச் சொல் வேண்டாம் என்பதல்ல என் வாதம். கல்லூரியில் பவர் என்று கேட்டவுடன் "எந்தப் பவர்?" என்று எதிர்க்கேள்வி போடும் மாணவர் எனக்கு வேண்டும். அடுக்கு, திறன், ஆற்றல் என்று தனித்தனிப் பெட்டிகள் மனத்தில் உள்ளவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

தமிழ் மட்டும் சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. கைத்தறிக்கு எதிராக எந்திரத்தில் ஓடும் தறியை விசைத்தறி என்கிறோம். மோட்டார் பொருத்திய படகை விசைப்படகு என்கிறோம். அந்த விசைக்கும் நியூட்டனின் விசைக்கும் என்ன உறவு? இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் எனர்ஜிக்குச் சக்தி, பவருக்கு வலு. இங்கேயோ சக்தி என்ற சொல் ஆற்றலுக்கும் திறனுக்கும் மாறி மாறிப் புழங்குகிறது. எல்லா மொழியும் இப்படித்தான். மக்கள் பேசும் மொழி அளவுகோல் பிடித்து நடப்பதில்லை. பாடநூல் நடக்க வேண்டும்.

இது ஏதோ ஓரிரண்டு மதிப்பெண் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். "இந்த மின் நிலையம் ஒரு நாளைக்கு இத்தனை மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும்" என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்த வாக்கியத்துக்குப் பொருளே இல்லை. "இந்தப் பேருந்து ஒரு நாளைக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடும்" என்றால் எப்படியோ அப்படி. மெகாவாட் என்பதே வேகம். ஒரு நாளில் கிடைத்த மொத்தம் எவ்வளவு என்றால் அது ஆற்றல். அதற்கு நம் வீட்டு மின் கட்டணத்தில் வரும் "யூனிட்" வேண்டும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 10 வாட் விளக்கு 100 மணி நேரம் எரிந்தாலும் அதே 1 யூனிட். கட்டணம் திறனுக்கு அல்ல, யூனிட்டுக்குத்தான்.

கூடங்குளத்தில் அணு உலை ஒன்றின் திறன் 1000 மெகாவாட். கமுதியில் 2016-இல் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் திறன் 648 மெகாவாட். இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், கமுதி கூடங்குள உலையில் பாதிக்கு மேல் தருகிறது என்று எண்ணுவார். உலை நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட். சூரியன் இரவில் வருவதில்லை, காலையிலும் மாலையிலும் சாய்ந்து வருகிறான், மேகமும் உண்டு. முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்குதான் சராசரியாகக் கிடைக்கிறது என்று கொண்டால், கமுதியில் ஒரு நாளுக்குச் சுமார் 31 லட்சம் யூனிட். ஏழு மடங்குக்கும் மேல் வித்தியாசம்! சூரிய மின்சாரம் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எனக்கு அதில் நிறைய நம்பிக்கை உண்டு. வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் மேடையில் மெகாவாட்டையே வீசும்போது, எத்தனை யூனிட் என்று கேட்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? இன்னும் சில ஆண்டுகளில் வாக்களிக்கப் போகிறவர்கள் நீங்கள்.

ஆகவே பவர் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் முதலில் அதன் அலகைத் தேடுங்கள். வாட் என்றால் வேலையின் வேகம். டையாப்டர் என்றால் லென்சு. அலகே இல்லை என்றால் கணிதமாக இருக்கலாம், அல்லது என்னைச் சிரிப்புக்கு இடமாக்கிய கீற்றணியாக இருக்கலாம். அலகும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் அநேகமாக அரசியல்.

என் மாணவியின் கதையை முடிக்கவில்லையே! அன்று பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு, "இவள் கேட்டது சரியான கேள்வி. லென்சுக்கு நாம் தவறான பெயரை வைத்திருக்கிறோம். நீங்களே ஒரு நல்ல பெயர் சொல்லுங்கள்" என்றேன். வகுப்பு களைகட்டிவிட்டது. "குவிவன்மை" என்றான் ஒருவன். "குழிலென்சு ஒளியைக் குவிக்காது, விரிக்கும்" என்று அவன் பெஞ்சிலேயே எதிர்ப்பு வந்தது. குறை குறி போட்டுக்கொள்ளலாம் என்று அவன் சமாளித்தான். "வளைப்பு" என்றாள் இன்னொருத்தி. சிலருக்குப் பிடித்தது, கோளகத்தின் வளைவோடு குழம்பும் என்று சிலர் மறுத்தார்கள். கடைசியில் கேள்வி கேட்ட மாணவியே எழுந்தாள். கதிரை மடக்குவதுதானே லென்சின் வேலை, "ஒளிமடக்கு" என்று வைக்கலாமே என்றாள். எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "சார், மடக்கை என்றால் லாகரிதம் அல்லவா?"

மணி அடித்துவிட்டது.